முகம் தெரியாத இடத்தில் நிறம்

2019 ஏப்ரல் முதல் தேதி, ரெட்டிட் தளத்தின் பெரிய குழுமங்களுள் ஒன்றில் புதிய நிபந்தனை ஒன்று வந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ட்விட்டர் பதிவுகளைத் தொகுத்துப் பேசும் குழுமம் அது. இனிக் கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் தங்கள் முன்கையைப் படமெடுத்து, பயனர் பெயரும் நேரமும் எழுதிய துண்டுத் தாளோடு மட்டுறுத்துநர்களுக்கு அனுப்பித் தாங்கள் கறுப்பினத்தவர் என்று காட்ட வேண்டும். முட்டாள்கள் தினத்தில் தொடங்கிய ஏற்பாடு அன்றோடு முடியவில்லை. சூடேறும் விவாதங்களுக்கு அது நிலையான விதியாகவே ஆகிவிட்டது. கறுப்பினத்தவர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, கறுப்பினத்தவரையே பழிக்கும் பின்னூட்டங்கள் பெருகியதே இதற்குக் காரணம்.

இதற்கு 23 ஆண்டுகளுக்கு முன், 1996 பிப்ரவரியில், டாவோஸ் நகரிலிருந்து இணைய உரிமைச் செயற்பாட்டாளர் ஜான் பெரி பார்லோ இணையவெளியின் சுதந்திரப் பிரகடனம் என்ற ஒன்றை வெளியிட்டிருந்தார். இனமோ செல்வமோ பிறப்போ தரும் சலுகையும் பாகுபாடும் இல்லாமல் எவரும் நுழையக்கூடிய உலகத்தைத் தாங்கள் உருவாக்கி வருவதாக அதில் அறிவித்தார். அடுத்த ஆண்டே எம்.சி.ஐ. என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் இதே கனவைத் தொலைக்காட்சி விளம்பரமாக்கியது: இணையத்தில் இனமில்லை, பாலினமில்லை, வயதில்லை, மனங்கள் மட்டுமே.

மனங்கள் மட்டுமே சந்திக்கும் என்று சொல்லப்பட்ட இடத்தில் முன்கையைக் காட்ட வேண்டிய நிலை எப்படி வந்தது? உடலைப் பார்க்க முடியாத இடத்தில் இனப் பாகுபாடு எங்கிருந்து ஊறுகிறது? அங்கே ஒருவர் இன்னோர் இனத்தின் அடையாளத்தை எடுத்து அணிந்துகொண்டால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது? முப்பது ஆண்டுகளாகச் சமூகவியலாளரும் உளவியலாளரும் பொருளியலாளரும் இக்கேள்விகளுக்கு வெவ்வேறு விடைகளைத் தந்து வருகிறார்கள். பெரும்பாலான ஆய்வுகள் அமெரிக்காவைப் பற்றியவை என்பதால் இக்கட்டுரையும் பெரிதும் அங்கேயே நிற்கிறது.

இணையத்துக்கு முந்தைய வேடங்கள்

நேருக்கு நேர் பார்த்தால் இனம் தெரிந்துவிடும், இணையத்தில்தான் தெரியாது என்ற எண்ணமே ஆட்டம் காணக்கூடியது. 1848இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் அடிமையாக இருந்த எல்லன் கிராஃப்ட், வெளிர் நிறம் கொண்டவர். நோயுற்ற வெள்ளைப் பண்ணையாராக ஆண் வேடமிட்டு, கணவர் வில்லியமை வேலையாளாக உடனழைத்துக்கொண்டு, ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் ஃபிலடெல்ஃபியா வரை வந்து சேர்ந்து விடுதலை பெற்றார். 1892இல் லூசியானா ரயிலில் வெள்ளையருக்கான பெட்டியில் ஏறி அமர்ந்த ஹோமர் பிளெஸ்ஸியின் முன்னோரில் எட்டில் ஏழு பங்கு வெள்ளையர். பார்வைக்கு அவரும் வெள்ளையரே. இனப் பிரிவினைச் சட்டத்தை எதிர்க்கவே ஏறியவர் என்பதால், தாம் எந்த இனம் என்பதை அவராகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வழக்கில்தான் 1896இல் உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினை செல்லும் என்றது. பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்ட வால்டர் ஒயிட், தேசியக் கறுப்பின முன்னேற்றச் சங்கத்துக்காக வெள்ளையரைப் போலத் தெற்கு மாநிலங்களில் அலைந்து, கும்பல் கொலைகளைச் செய்தவர்களிடமிருந்தே விவரங்களைத் திரட்டினார்.

எதிர்த் திசையிலும் வேடம் உண்டு. 1830களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளை நடிகர் முகத்தில் கரி பூசி ‘ஜிம் க்ரோ’ என்ற கேலிப் பாத்திரத்தை ஆடினார். பிறகு இனப் பிரிவினைச் சட்டங்கள் அனைத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஆக, வேடம் என்பதை ஒரே பொருளாக எண்ண முடியாது. கிராஃப்டும் ஒயிட்டும் அணிந்த வேடம் கலைந்திருந்தால் உயிர் போயிருக்கும். ரைஸ் இரவில் முகம் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இணைய அடையாளங்களைப் பற்றிய பிந்தைய விவாதங்கள் பலவும் இந்த வேறுபாட்டை மறக்கும்போதுதான் வழி தவறுகின்றன.

முகம் தெரியாத ஊடகத்தின் முன்மாதிரி ஒன்றும் இணையத்துக்கு முன்பே உண்டு. 1978இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் கறுப்பினத் துப்பறியும் காவலர் ரான் ஸ்டால்வொர்த், தொலைபேசியில் வெள்ளையராகப் பேசியே கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்புக்குள் நுழைந்தார். நேரில் போக வேண்டியபோது வெள்ளைக் காவலர் ஒருவர் அவராக நடித்தார். தன் எதிரில் பேசுகிறவர் வெள்ளையரே என்று குரலை மட்டும் வைத்து நம்பிய அந்த அமைப்பின் நம்பிக்கையில், பின்னர் இணையத்தில் நடக்கப்போவதன் சாயல் இருக்கிறது.

சொல்லாவிட்டால் வெள்ளையர்

எழுத்தால் மட்டுமே ஆன தொடக்க கால இணைய உலகங்களில் புகழ்பெற்றது லாம்டாமூ. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கியது. அங்கே நுழைபவர் தம் பாத்திரத்தைத் தாமே எழுதிக்கொள்ளலாம். சமூகவியலாளர் ஷெர்ரி டர்க்கிள் போன்றோர் இத்தகைய இடங்களை, மனிதர் தம்மைப் பல வடிவங்களில் பரிசோதித்துப் பார்க்கும் களங்களாகக் கண்டார்கள். 1995இல் வெளிவந்த அவருடைய நூல் அந்த நம்பிக்கையின் உச்சம்.

அதே ஆண்டில் ஊடக ஆய்வாளர் லிசா நகமுரா எழுதிய கட்டுரை வேறொன்றைக் காட்டியது. லாம்டாமூவில் பாலினத்தைக் குறிக்க ஏற்பாடு உண்டு, இனத்துக்கு இல்லை. அதனால் இனம் இல்லாமல் போய்விடவில்லை. எதுவும் சொல்லாதவரை எல்லோரும் வெள்ளையர் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆசியப் பாத்திரங்களாக வந்தவர்களோ சாமுராய்களாகவும் சண்டைப் பட நாயகர்களாகவும் இருந்தார்கள். வேறோர் இனத்தின் சட்டையை ஓய்வுநேர இன்பத்துக்காக அணிந்து கழற்றும் இந்தப் பழக்கத்தை நகமுரா அடையாளச் சுற்றுலா என்றார். பயணி எப்போது வேண்டுமானாலும் ஊர் திரும்பலாம். அந்த ஊர்க்காரருக்கு அப்படி ஒரு வழி இல்லை.

அவர் பதிவுசெய்த இன்னொரு நிகழ்ச்சிதான் மேலும் முக்கியமானது. இன வெறுப்புப் பேச்சுக்குத் தண்டனை வேண்டும் என்று லாம்டாமூவில் ஒரு கோரிக்கை எழுந்தது. அது நிறைவேறவில்லை. எதிர்த்தவர்களின் வாதம்: இங்கே யாருக்கும் யாருடைய இனமும் தெரியாது; தானாக முன்வந்து இனத்தைச் சொன்னவர் அதன் விளைவையும் ஏற்க வேண்டியதுதானே? இந்தக் கேள்வி நியாயம் போல ஒலிக்கிறது. ஆனால் இதன்படி, தன்னைச் சொல்லாமல் இருப்பதே நுழைவுக் கட்டணமாகிறது. அதைக் கட்ட வேண்டியவர்களும் ஒரு தரப்பினர் மட்டுமே. முப்பது ஆண்டுகளாக இணையத்தில் எழும் ‘இங்கேயும் ஏன் இனத்தை இழுக்கிறீர்கள்’ என்ற குரலின் வேர் இதில் இருக்கிறது.

நகமுராவின் ஆய்வுக்கும் எல்லை உண்டு. ஒரே களத்தின் சில உரையாடல்களை நுட்பமாக வாசித்ததன் மேல் அது நிற்கிறது. அன்றைய பயனர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைச் சுற்றி இருந்தவர்கள். யூஸ்நெட் விவாதக் குழுக்களை ஆராய்ந்த பைரன் பர்க்ஹால்ட்டர் 1999இல் வேறு படத்தைத் தந்தார். கறுப்பினப் பண்பாட்டைப் பேசும் குழுக்களில் இனம் மறைந்திருக்கவில்லை. எல்லா இடத்திலும் பேசப்பட்டது. நேரில் ஒருவரின் தோற்றத்தைப் பார்த்து அவர் கருத்தை ஊகிக்கிறோம். இணையத்தில் கருத்தைப் பார்த்து இனத்தை ஊகிக்கிறார்கள். விளைவு இன்னும் இறுக்கமானது: குழு எதிர்பார்த்த கருத்தைச் சொல்லாதவர் அந்த இனத்தவரே அல்லர் என்று ஒதுக்கப்பட வாய்ப்பு அதிகம். பிற்காலத்தில் ஆந்த்ரே பிராக், கறுப்பினத்தவர் ட்விட்டரில் தமக்கே உரிய நகைச்சுவையாலும் பேச்சு முறையாலும் ஒரு பொதுவெளியைக் கட்டியதை எழுதினார். துன்பத்தின் கதையாக மட்டுமே கறுப்பின இணைய வாழ்வைப் பார்க்கும் ஆய்வுகளுக்கு அது தேவையான திருத்தம்.

உளவியலாளர்களின் விளக்கம் இதற்கு நெருக்கமாகவே வருகிறது. ஸ்டீவன் ரைஷர், ரஸ்ஸல் ஸ்பியர்ஸ், டாம் போஸ்ட்மஸ் ஆகியோர் 1990களில் உருவாக்கிய கோட்பாட்டின்படி, பெயர் மறைந்த நிலையில் தனிமனித வேறுபாடுகள்தான் மங்குகின்றன; குழு அடையாளம் கூர்மையாகிறது. எந்தக் குழு, அதன் வழக்கம் என்ன என்பதைப் பொறுத்து அது நட்பாகவும் மாறலாம், வெறுப்பாகவும் மாறலாம். பெயரின்மையே வெறுப்பின் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இக்கோட்பாடு ஏற்பதில்லை.

பெயரும் கையும்

உடல் மறைந்தாலும் அதன் சுவடுகள் மறைவதில்லை என்பதற்குப் பொருளியலாளர்களின் சான்றுகள் வலுவானவை. செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது என்பது 2004இல் வெளியான முடிவு. ஏர்பிஎன்பி தளத்தில் ஐந்து அமெரிக்க நகரங்களில் சுமார் 6,400 வீட்டுக்காரர்களிடம் எடல்மன், லூகா, ஸ்விர்ஸ்கி நடத்திய சோதனையில் கறுப்பினப் பெயர்களுக்கு ஒப்புதல் 16 சதவீதம் குறைந்தது. ஜெனிஃபர் டோலியாக்கும் லூக் ஸ்டைனும் இணையத்தில் ஐபாட் விற்பதாக விளம்பரம் செய்தார்கள். படத்தில் கருவியை ஏந்திய ஒரு கை மட்டும். அந்தக் கை கறுப்பாக இருந்தபோது பதில்களும் குறைந்தன, சொன்ன விலையும் குறைந்தது.

கற்பனை உலகத்திலும் இது தொடர்கிறது. தேர்.காம் என்ற மெய்நிகர் உலகில் பால் ஈஸ்ட்விக், வெண்டி கார்ட்னர் ஆகியோர் ஒரு பழைய உத்தியைச் சோதித்தார்கள்: முதலில் பெரிய உதவியைக் கேட்டு மறுக்கப்பட்டு, பிறகு சிறியதைக் கேட்டால் இணங்குவோர் கூடுவார்கள். வெளிர் நிறப் பாத்திரம் கேட்டபோது அந்த உத்தி நன்றாகப் பலித்தது. கருநிறப் பாத்திரத்துக்கு அவ்வளவாகப் பலிக்கவில்லை. பாத்திரத்தின் நிறத்துக்கும் அதை இயக்குபவரின் நிறத்துக்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம் என்பதை அங்கிருந்த எல்லோரும் அறிவார்கள். அப்படியிருந்தும் இந்த முடிவு.

2017இல் வெளியான கெவின் மங்கரின் சோதனை இங்கே தனியாகக் கவனிக்கத்தக்கது. ட்விட்டரில் இன வசையை வீசிய வெள்ளை ஆண்களை அவருடைய தானியங்கிக் கணக்குகள் கண்டித்தன. சில கணக்குகளுக்கு வெள்ளைத் தோற்றம், சிலவற்றுக்குக் கறுப்புத் தோற்றம்; சிலவற்றுக்குப் பின்தொடர்வோர் அதிகம், சிலவற்றுக்குக் குறைவு. பின்தொடர்வோர் மிகுந்த வெள்ளையர் கண்டித்தபோதுதான் வசை தெளிவாகக் குறைந்தது. பாதிக்கப்பட்டவரின் மறுப்புக்கு எடை குறைவு என்ற இந்த முடிவு வருத்தத்துக்குரியது. சொந்தக் குழுவுக்குள்ளிருந்து எழும் கண்டனத்துக்கு வலு உண்டு என்ற வகையில் பயனுள்ளதும்கூட.

இச்சோதனைகள் அனைத்திலும் ஆய்வாளர்களே பொய் அடையாளம் பூண்டிருக்கிறார்கள். பாகுபாட்டை நிரூபிக்க வேறு வழி எளிதில் கிடைப்பதில்லை. அடையாளப் புனைவை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யச் சொல்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அணிபவர் மாறுகிறாரா?

வேடம் அணிந்தவரிடம் பரிவு பிறக்கும் என்பது பழைய நம்பிக்கை. மருந்துகளால் தோலைக் கருக்கித் தெற்கு மாநிலங்களில் பயணம் செய்த ஜான் ஹோவர்ட் கிரிஃபினின் 1961ஆம் ஆண்டு நூல் அதற்குப் புகழ்பெற்ற சான்று. மெய்நிகர் கருவிகள் வந்தபின் இந்த நம்பிக்கை ஆய்வகத்துக்குள் நுழைந்தது. முடிவுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. 2009இல் கிரூம், பெய்லன்சன், நாஸ் ஆகியோர் கறுப்பின உருவம் பூண்டவர்களிடம் கறுப்பினத்தவருக்கு எதிரான உள்ளுறைச் சார்பு, அதாவது தாமே உணராத சாய்வு, கூடியதைக் கண்டார்கள். 2013இல் பெக், ஸ்லேட்டர் குழுவினர் அது குறைந்ததைக் கண்டார்கள். 2020இல் பனாக்கூ, ஸ்லேட்டர் குழு ஒரு சமாதானத்தை முன்வைத்தது: மெய்நிகர்க் காட்சியில் சுற்றியிருப்போர் முகம் சுளித்தால் சார்பு குறையும் பலன் கிடைப்பதில்லை. பங்கேற்றோர் எண்ணிக்கை சிறியது. அளவிடப் பயன்படும் உள்ளுறைச் சார்புச் சோதனை நடத்தையைக் கணிப்பதில் பலவீனமானது என்ற விமர்சனமும் நிற்கிறது. இந்தக் கருவியைப் பயிற்சி வகுப்புகளுக்கு விற்பவர்களின் வாக்குறுதிகள் சான்றுகளைத் தாண்டி ஓடுகின்றன.

திருடப்பட்ட குரல்

2014 ஜூனில் ட்விட்டரில் தந்தையர் தினத்தை ஒழிப்போம் என்ற பொருளில் ஓர் இயக்கம் கிளம்பியது. பேசியவை கறுப்பினப் பெண்ணியவாதிகளைப் போலத் தோன்றிய கணக்குகள். உண்மையில் பெயரில்லாமல் எழுதும் ஃபோர்சான் தளத்தில் திட்டமிடப்பட்ட போலி வேலை அது. கண்டுபிடித்தவர்கள் ஷஃபீகா ஹட்சன், ஐனாசா கிராக்கெட் முதலிய கறுப்பினப் பெண்கள். அந்தக் கணக்குகள் பேசியது கறுப்பின ஆங்கிலத்தின் கேலி நகல் என்பது அவர்கள் காதுக்கு உடனே பிடிபட்டது. உள்பாவாடை தெரிகிறது என்ற பொருள் தரும் குறிச்சொல்லின் கீழ் போலிகளைத் திரட்டி ஊருக்குக் காட்டினார்கள். சம்பளமின்றி, வசவுகளுக்கு நடுவே செய்த வேலை. ட்விட்டர் நிறுவனம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

அன்றே செவிமடுத்திருந்தால் என்ற ஏக்கம் தவிர்க்க முடியாதது. இரண்டே ஆண்டுகளில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து போலிக் கணக்குகளை இயக்கிய இணைய ஆய்வு முகமை அதே உத்தியைப் பெரிய அளவில் கையாண்டது. ‘பிளாக்டிவிஸ்ட்’ என்ற அதன் ஃபேஸ்புக் பக்கம், கறுப்பு உயிர்களும் முக்கியம் இயக்கத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தைவிட அதிக விருப்பக்குறிகளைத் திரட்டியது. இந்த முகமை வேறெந்தப் பிரிவினரையும்விடக் கறுப்பின அமெரிக்கரையே அதிகம் குறிவைத்தது என்று செனட் உளவுக் குழுவின் 2019 அக்டோபர் அறிக்கை சொன்னது. டீன் ஃபிரீலன் முதலியோரின் 2020ஆம் ஆண்டு ஆய்வின்படி, கறுப்பினத்தவராக வேடமிட்ட கணக்குகளே மக்களை அதிகம் ஈர்த்தன. அதே ஆண்டு மார்ச்சில், ரஷ்யத் தொடர்போடு கானாவிலிருந்து இயங்கிய இன்னொரு வலையமைப்பை ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் நீக்கின. அங்கே அமெரிக்கக் கறுப்பினத்தவராக எழுதியவர்கள் ஆப்பிரிக்கர்கள். நிறம் ஒத்திருந்தும் அது போலியே. அந்தக் குரலில் அடங்கிய வரலாறு அவர்களுடையதன்று.

இப்போலிகள் எத்தனை பேரின் மனத்தை மாற்றின என்பதற்கு நம்பகமான அளவீடு இல்லை. 2016 அமெரிக்கத் தேர்தல் முடிவைத் திருப்பின என்போரும் துளியும் அசைக்கவில்லை என்போரும் சான்றைத் தாண்டியே பேசுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் தீங்கு வேறு: இதற்குப் பிறகு உண்மையான கறுப்பினப் பயனர் காரமாக ஒன்றைச் சொன்னால் நீயும் போலிதானே என்று கேட்பது எளிதாகிவிட்டது.

இதே காலத்தில் லாரன் மிஷெல் ஜாக்சன் 2017இல் எழுதிய கட்டுரை இன்னொரு விவாதத்தைப் பரவலாக்கியது. தம் மிகையுணர்ச்சியைக் காட்டக் கறுப்பினத்தவரின் முகபாவப் படத் துணுக்குகளை மற்றவர்கள் பயன்படுத்துவதும் கரிபூசும் நாடகத்தின் வாரிசுதானா என்பது அது. மறுப்பவர்கள், ஒரு முகபாவத்தை ஓர் இனத்தின் உடைமையாக்குவதே இனத்தை இயற்கைப் பொருளாக்கிவிடும் என்கிறார்கள். படத் துணுக்கையும் ‘பிளாக்டிவிஸ்ட்’ பக்கத்தையும் ஒரே தராசில் வைப்பது, பின்னதன் கனத்தைக் குறைத்துவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரிபார்ப்பின் விலை

உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கலாம் என்பது அடிக்கடி சொல்லப்படும் மருந்து. தென்கொரியா 2007இல் பெரிய தளங்களுக்கு அதைச் சட்டமாக்கியது. 2011இல் ஒரே ஊடுருவலில் சுமார் 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் களவுபோயின. 2012 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஃபேஸ்புக்கின் உண்மைப் பெயர் விதியில் சிக்கியவர்களுள் அமெரிக்கப் பழங்குடியினரும் உண்டு. அவர்களின் மெய்யான குடும்பப் பெயர்கள் கற்பனை போலத் தோன்றியதால் கணக்குகள் முடக்கப்பட்டன. சந்தேகம் மீண்டும் அதே பக்கம் சாய்ந்தது.

ஏர்பிஎன்பி எதிர்த் திசையில் நடந்தது. 2018 முதல், முன்பதிவை ஏற்ற பிறகே விருந்தினரின் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும். மறைப்பதும் பாதுகாப்பு, காட்டச் சொல்வதும் பாதுகாப்பு என்ற இந்த முரணில் முன்கைப் படம் எங்கே நிற்கிறது? தங்களுக்குள் பேச ஓர் இடம் வேண்டும் என்ற தேவையை மறுக்க முடியாது. ஆனாலும் தோலின் நிறத்தைச் சான்றிதழாக்கினால் பிளெஸ்ஸியைப் போன்ற வெளிர் நிறத்தவர் வெளியே நிற்க நேரும். கருநிறத் தெற்காசியர் ஒருவர் உள்ளே வந்துவிடலாம்.

இயந்திர மட்டுறுத்தலும் நடுநிலையானதன்று. மார்ட்டன் சாப் குழுவினரின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், வெறுப்புப் பேச்சைக் கண்டறியும் நிரல்கள் கறுப்பின ஆங்கிலத்தில் எழுதிய பதிவுகளை மற்றவற்றைவிட இரு மடங்கு வரை அதிகமாக இழிசொல் என்று குறித்தன. இந்நிரல்கள் கற்கும் பதிவுகளுக்குக் குறியிட்டவர்களிடம் எழுதியவரின் வட்டார வழக்கை முன்கூட்டிச் சொன்னபோது அந்தத் தவறு குறைந்தது என்பது நம்பிக்கை தரும் பகுதி.

முடிவாகாதவை

இரண்டு செய்திகளில் இன்று ஓரளவு உடன்பாடு இருக்கிறது. பெயரும் முகமும் மறைவதால் மட்டும் பாகுபாடு மறைவதில்லை. வேடத்தின் நன்மை தீமையை அதை அணிபவரின் நோக்கத்தைவிட, கலையும்போது யாருக்கு இழப்பு என்ற கேள்வி தெளிவாகக் காட்டுகிறது. இவற்றுக்கு அப்பால் சான்றுகள் மெலிகின்றன. அமெரிக்கக் கறுப்பு-வெள்ளைக் கோட்டில் பிறந்த கருத்துகள் பிற நாடுகளின் இன, குல, சமயப் பிளவுகளுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது போதிய அளவு சோதிக்கப்படவில்லை. பாகுபாட்டிலிருந்து தப்பிக்க வேற்றுப் பெயரில் வாழ்பவர்களின் அனுபவம் ஆய்வுகளில் அரிதாகவே தென்படுகிறது. கண்டுபிடிக்கப்படாததே அந்த வாழ்வின் வெற்றி என்பதால், அவர்களைத் தேடுவது அறமா என்ற தயக்கமும் உண்டு.

புதிய சிக்கல் செயற்கை நுண்ணறிவு. மெட்டா நிறுவனம் 2023இல் உருவாக்கிய ‘லிவ்’ என்ற இயந்திரப் பாத்திரம் தன்னைக் கறுப்பினத் தாய் என்று அறிமுகம் செய்துகொண்டது. 2025 ஜனவரியில் பத்திரிகையாளர் கரன் அட்டியா கேள்வி கேட்டபோது, தன்னை உருவாக்கிய குழுவில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை என்றது. இயந்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதையும் நம்ப முடியாது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் அந்தக் கணக்கை நீக்கியது. இதற்கு முந்தைய ஆண்டில் ஹாஃப்மன் முதலியோர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, கறுப்பின ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு மொழி மாதிரிகள் மதிப்புக் குறைந்த வேலைகளைப் பொருத்தின என்று காட்டியது. கறுப்பினத்தவரின் குரலில் பேச அழைக்கப்படும் இயந்திரமே, அக்குரலில் எழுதும் மனிதரைத் தாழ்த்தி மதிப்பிடுகிறது. 2014இல் ஹட்சனும் தோழியரும் போலிகளைப் பிடித்தது நகலில் இருந்த பிசிறுகளால். அப்பிசிறுகள் இல்லாத நகல் வந்தால் எதைக் கொண்டு பிடிப்பது, பிடித்தபின் யாரைப் பொறுப்பாக்குவது என்பதற்கு இப்போதைய ஆய்வுகளிலோ தளங்களின் விதிகளிலோ தெளிவான விடை இல்லை.